நோயாளியை ஜெயித்தவள்

என் கணவர் இறந்த அன்று வந்தவர்கள் எல்லோரும் என் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அண்ணனைத் தரையில் விடாமல் தாங்கினாள், ஒரு வாய்ச் சாப்பாட்டுக்குக்கூட அவரைக் கை தூக்க விடவில்லை என்றார்கள். உண்மைதான். விட்டிருந்தால் தூக்கியிருப்பார்.

என்னைப் பற்றியும் பேசினார்கள். கொஞ்சம் தள்ளி நின்று, என் காதில் விழும்படி. "படுத்திருந்த மனுஷனோட உக்காந்து சீட்டாடியிருக்கா. ஆடினதுகூடப் பரவாயில்லை, ஜெயிச்சிருக்கா!" அதுவும் உண்மைதான். பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் கேள்வி கேட்பது மரியாதை இல்லை, தீர்ப்புச் சொல்லலாம்.

அவர் பதிவு அலுவலகத்தில் கோப்பு எழுத்தர். ஒரு மேஜையிலிருந்து கோப்பை எடுத்து இன்னொரு மேஜையில் வைப்பது வேலை. அந்த வேலையை அவர் வெறுக்கவும் இல்லை, விரும்பவும் இல்லை. பல் விளக்குவதுபோல் செய்தார். அவர் உயிரோடு இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிறு மதியம் எங்கள் முன்னறையில் ரம்மி. அவர், சோடாபுட்டி, பட்டறைக்காரர், மூன்று பேர். சோடாபுட்டி ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பட்டறைக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மெதுவாகப் பேசினால் பேசியதாகவே அவருக்குத் தோன்றாது.

காசு வைத்து ஆடுவதில்லை. தீக்குச்சிதான். அந்தத் தீக்குச்சிக்காக என் கணவர் செய்யாத திருட்டு இல்லை. சட்டைக் கைக்குள் சீட்டு, தொடைக்கு அடியில் சீட்டு, ஒருமுறை டீ கிளாசுக்கு அடியில் ஹார்ட்டின் ஆஸ். மற்ற இருவரும் திருடினார்கள், ஆனால் மாட்டிக்கொண்டார்கள். அதனால் என் கணவருக்கு அவர்களிடையே ஒரு கௌரவம் இருந்தது.

எனக்கு அந்தச் சீட்டுக்கட்டைக் கண்டாலே பிடிக்காது. ஒருமுறை கிளாவர் ராணியை உருவி அடுப்பில் போட்டேன். மருந்துப் பெட்டி அட்டையை வெட்டி, அதில் சோடாபுட்டி ராணி படம் வரைந்து, ஆறு மாதம் அதை வைத்து ஆடினார்கள். அந்த ராணிக்கு என் முகம் என்று பட்டறைக்காரர் சொல்லிச் சிரித்தது சமையலறைவரை கேட்டது.

அப்புறம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். கால் ஒருவழியாகத் திரும்பியது. பேச்சு, வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசுவதுபோல் திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி இறுகிக்கொண்டன. நகம் உள்ளங்கையில் பதியக் கூடாதென்று துணிச்சுருள் ஒன்றை வைத்திருந்தோம். அதை வைப்பதும் எடுப்பதும் நாத்தனாரின் உரிமை. செய்தி கேட்ட அன்றே பெட்டியோடு வந்தவள் அவள். பெட்டியின் எடையைப் பார்த்தபோதே சீக்கிரம் போகிற உத்தேசம் இல்லை என்று புரிந்தது.

மருத்துவமனையில் எங்களைத் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். நீளமான தாழ்வாரத்தின் கடைசி அறை. சுவரில் பெரிய எழுத்தில், 'செயல்தான் மனிதனை மனிதனாக்குகிறது' என்று ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே பத்துப் பேர் ஒன்றும் செய்யாமல் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

"ரிட்டயர் ஆனவருக்கு என்னம்மா தொழில்?" என்று நாத்தனார் அங்கிருந்த சிகிச்சையாளரைக் கேட்டாள். முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்பாளோ, முகம் சுளிக்கவில்லை.

"காலையில எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் மனுஷன் செய்யறதெல்லாம் தொழில்தாங்க. சட்டை போடறது, தலை வாரறது, யாரோடயாவது சண்டை போடறது. பெரிய டாக்டர் உயிரைப் பாத்துக்கிட்டார். பக்கத்து ரூம்ல தசையைப் பாத்துக்கிறாங்க. அந்த உயிரையும் தசையையும் வச்சுக்கிட்டு ஐயா நாள் பூரா என்ன பண்ணப் போறார், அதை நான் பாக்கறேன்."

"என்ன பண்ணணும்? ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் எதுக்கு இருக்கேன்?"

"அதையும்தாங்க நான் பாக்கணும்" என்றாள் அவள். நாத்தனாருக்கு அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. அந்தப் பெண்ணை அந்த நிமிடமே எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் பேச்சில் இருந்த உப்பு வேலையில் இல்லை. மேஜையில் பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கினாள். இடப்பக்கம் இருப்பதை வலது கையால் பிடித்து வலப்பக்கம் வைக்க வேண்டும். பிடிப்பதுகூடப் பெரிதில்லையாம், விடுவதுதான் கஷ்டமாம். இறுகிய கை தானாகத் திறக்க வேண்டும். ஒரு வாரம் அவர் முயன்றார். இரண்டாவது வாரம் கூம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை எதுக்கும்மா அங்க வைக்கணும்?"

"பயிற்சிக்குங்க ஐயா."

"அங்க வச்சா?"

"திரும்ப இங்க வைக்கணும்."

"முப்பது வருஷம் இதைத்தான் செஞ்சேன்" என்றார், கூழாங்கல்லை மென்றபடி. "பென்ஷனே குடுத்து அனுப்பிட்டாங்க. விடும்மா."

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு போய், கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அலமாரியில் வைத்தாள். நாற்காலியை இழுத்து அவருக்கு நேராக உட்கார்ந்தாள். "தப்பு என்னோடதுதான். முதல் நாளே கேட்டிருக்கணும். உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை, ஐயா?"

அவர் வாய் திறப்பதற்குள் நாத்தனார் பதில் சொன்னாள். "அண்ணா கையெழுத்து போடணும். முத்து முத்தா எழுதுவார்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "பேரக் குழந்தைங்க தலையில கை வச்சு நல்லா இருங்கன்னு சொல்லணும்." எங்களுக்குப் பேரக் குழந்தைகள் கிடையாது. அவளுக்கு இருந்தார்கள். அவர்கள் தலையில் வைக்கத்தான் அண்ணன் கை வேண்டியிருந்தது.

"ஐயா சொல்லட்டும்" என்றாள் அந்தப் பெண்.

அவர் என்னைப் பார்த்தார். பயந்த பார்வை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "சீட்டு" என்றார்.

"சீட்டா?"

"ரம்மி."

"உளர்றார்" என்றாள் நாத்தனார். "மூளையில அடி இல்லையா, அப்படித்தான் ஏதாவது வரும்."

எனக்குத் தெரியும், மூளையில் அடிபடாத இடத்திலிருந்துதான் அந்தச் சொல் வந்தது. சிகிச்சையாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை போனபோது மேஜையில் புதுச் சீட்டுக்கட்டும், துணி துவைக்கிற பிரஷ் ஒன்றும் இருந்தன. பிரஷ்ஷை மல்லாக்க வைத்து, நிமிர்ந்து நிற்கிற மயிர்களுக்கு இடையே சீட்டைச் செருகினாள். பதிமூன்று சீட்டும் விசிறிபோல் நின்றன. கை பிடிக்க வேண்டிய விசிறியை பிரஷ் பிடித்துக்கொண்டது. இடது கை எடுக்கலாம், போடலாம். வலது கை மேஜைமேல் கிடந்து வேடிக்கை பார்க்கட்டும், போகப் போக அதற்கும் ஆசை வரும் என்றாள். அவர் பிரஷ்ஷைப் பார்த்தார். அத்தனை மாதத்தில் முதல்முறையாக, முட்டாள்தனமான எதையோ கேட்டால் வரும் பழைய சிரிப்பு ஒன்று முகத்தின் ஒரு பாதியில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். ராணியை அடுப்பில் போட்டவளே கூப்பிட்டு அனுப்பினாள் என்று நம்பாமல் இருவரும் ஒருவரையொருவர் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வந்தார்கள். பட்டறைக்காரர் குரலைத் தாழ்த்திப் பேச முயன்றார். அது அவருக்கு மூச்சுத் திணறல்போல் இருந்தது. "எப்படி இருக்கீங்க?" என்றார். அவர் வாயிலிருந்து என் கணவர் 'ங்க' கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆட்டம் தொடங்கியது. முதல் ஆட்டம் அவர் ஜெயித்தார். இரண்டாவதும். மூன்றாவதில் எனக்கே சந்தேகம் வந்து கதவோரம் நின்றேன். அவருக்கு டைமன் எட்டு வேண்டும் என்றால் பட்டறைக்காரர் டைமன் எட்டைக் கீழே போடுகிறார். நாத்தனார் பிரஷ்ஷுக்குப் பின்னால் நின்று, அண்ணனுக்கு என்ன வேண்டுமென்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்! "அபாரம்!" என்கிறார் சோடாபுட்டி. "ஆட்டம் கொஞ்சம்கூடக் குறையலையே!" என்கிறார் பட்டறைக்காரர். நான்காவது ஆட்டத்தில் சோடாபுட்டி ஒரு காரியம் செய்தார். ஜோக்கரைக் கீழே போட்டார்.

ரம்மி ஆடத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோக்கர் எந்த இடத்துக்கும் பொருந்தும் சீட்டு. அதைக் கையிலிருந்து யாரும் கழிப்பதில்லை. வீடு தீப்பிடித்தாலும் ஜோக்கரை எடுத்துக்கொண்டுதான் ஓடுவார்கள்.

என் கணவர் அந்த ஜோக்கரைத் தொடவில்லை. "உனக்குக் கண்ணு தெரியலையா?" என்றார்.

"தெரியாம விழுந்துடுச்சு" என்றார் சோடாபுட்டி. "நீங்க எடுத்துக்கங்க. பரவாயில்லை."

"கண்ணாடியை எடுத்தாக்கூட நீ ஜோக்கரைத் தடவிக் கண்டுபிடிப்பே."

அவர் இடது கையால் பிரஷ்ஷைத் தள்ளினார். அது தரையில் விழுந்து, சீட்டுகளோடு நாற்காலிக்கு அடியில் போனது. "எனக்குத் தூக்கம் வருது" என்றார்.

அடுத்த வாரம் அவர்கள் வந்தபோது கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்றார். சட்டைக்குக் கையை நீட்டுவதை நிறுத்தினார், கரண்டியை வாங்குவதை நிறுத்தினார். நாத்தனார் ஊட்டினாள், துடைத்தாள், தலை வாரினாள். அவர் எல்லாவற்றுக்கும் இணங்கினார். "இப்பத்தான் அண்ணா சாதுவா இருக்கார்" என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்த மனிதர் சாதுவாக இருந்து நான் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டால், மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கும் ஒரு நல்ல பிள்ளைதான் எனக்கு மிஞ்சும் என்று தெரிந்தது.

சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்தாள். நடந்ததைச் சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"தப்பாச்சும்மா. சீட்டு ஆடறதுல அவருக்கு என்ன இருக்குன்னு நான் சரியா யோசிக்கலை. சீட்டைப் பிடிக்கிறது, போடறது, அவ்வளவுதான்னு நினைச்சேன். தோக்கடிக்கிறதுக்கு எதிர்ல ஒரு ஆளு இருக்கணும் இல்லையா?" பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க ஆடுவீங்களா?"

"எனக்குச் சீட்டே பிடிக்காது."

"ஆடத் தெரியுமான்னு கேட்டேன்."

தெரியும். முப்பது வருடம் டீ கொண்டுவந்து கொடுத்தபடி மூன்று பேர் கையையும் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். யார் எதைத் தேடுகிறார், யார் எதை ஒளிக்கிறார் என்று பார்த்துப் பார்த்து வெறுத்திருக்கிறேன். ஒரு கலையை விரும்பிக் கற்றவன் பாதியில் திருப்தியடைந்துவிடுவான். வெறுத்துக் கற்றவளுக்கு அந்த ஆபத்து இல்லை.

அன்று மாலை கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, சீட்டுக்கட்டைக் கலைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிமூன்று சீட்டை பிரஷ்ஷில் செருகி அவர் முதுகுப் பக்கம் வைத்துவிட்டு, என் கைச்சீட்டைப் பார்த்து, "ஐயோ பாவம்" என்றேன்.

"யாரு பாவம்?" என்றார் சுவரிடம்.

"இந்தச் சீட்டுக்கு எதிர்ல ஆடறவர்."

மெல்லத் திரும்பினார்.

ஜெயித்தேன். அடுத்ததும் நானே. அவர் தேடிய சீட்டு எது என்று தெரியும், ஆட்டம் முடியும்வரை அதைக் கீழே விடவில்லை. அவருடைய தீக்குச்சிகள் எல்லாம் என் பக்கம் வந்தன. சாப்பாட்டுத் தட்டோடு வந்த நாத்தனார் இதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணி! நோயாளி மனுஷனைப் போய் ஜெயிக்கிறீங்களே, மனசு வருதா?"

"வருதே" என்றேன். "கூட ஒரு ஆட்டம் ஜெயிக்கவும் வருது."

"கலைச்சுப் போடுடி" என்றார் அவர். கூழாங்கல் இருந்தது, ஆனாலும் 'டி' தெளிவாக வந்தது.

சொந்தக்காரர்களுக்குச் செய்தி போனது நாத்தனார் வழியாக. பெரியம்மா முறையுள்ள ஒருத்தி போன் செய்து, "அவன் மனசு நோகாம ஒரு தடவை விட்டுக் குடுக்கக் கூடாதா? பொம்பளைக்கு விட்டுக் குடுத்துத்தானே பழக்கம்" என்றாள். அவர் மனசு நோகக் கூடாதென்றுதான் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்காது.

அவரோ தினமும் காலையிலேயே எழுந்து உட்கார்ந்துகொண்டார். நான் கலைப்பது சரியில்லையாம், சீட்டை எனக்குச் சாதகமாகப் போட்டுக்கொள்கிறேனாம். "கட்டைக் குடு" என்று பிடுங்கி, வலது முஷ்டியை மேஜைமேல் போட்டு அதன் ஓரத்தில் சீட்டுக்கட்டை முட்டுக்கொடுத்து, இடது கையால் கலைத்தார். பாதி தரையில் சிதறும். நான் எடுத்துத் தரமாட்டேன். குனிந்து எடுத்தார், திட்டிக்கொண்டே. சிகிச்சையாளர் வந்து பார்த்துவிட்டு, "இந்த அளவுக்கு அவர் குனியணும்னு பக்கத்து ரூம்காரங்க ரெண்டு மாசமா கெஞ்சறாங்கம்மா" என்றாள். ஒரு மாதத்துக்குமேல் இப்படிப் போனது. எல்லாம் அசைந்தது, அந்த முஷ்டி மட்டும் திறக்கவில்லை.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் பால் பொங்கும் வாசனை வந்து சமையலறைக்கு ஓடினேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "ரம்மி" என்றார்.

பிரஷ்ஷில் இருந்ததை இறக்கினார். சுத்தமான ஆட்டம். ஜோக்கர் ஒன்று அழகாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். பால் குடித்த பூனை. நான் ஒன்றும் சொல்லாமல் எல்லாச் சீட்டையும் சேர்த்து எண்ணினேன். ஒன்று குறைந்தது.

"ஒரு சீட்டு எங்கே?"

"நீதான் அடுப்புல போட்டிருப்பே. உனக்குப் பழக்கம்தானே."

நான் எழுந்து போன நேரத்தில் நடந்தது புரிந்தது. கட்டுக்குள்ளிருந்து ஜோக்கரை உருவியிருக்கிறார். அதற்குப் பதிலாக ஒரு வேண்டாத சீட்டைத் திருப்பி வைக்க வேண்டும். வைப்பதற்குள் என் காலடிச் சத்தம். இடது கை ஜோக்கரைச் செருகிக்கொண்டிருந்தது. அப்படியானால் அந்த வேண்டாத சீட்டை எந்தக் கை மறைத்தது?

மடிமேல் கிடந்த வலது முஷ்டியைப் பார்த்தேன். நாத்தனார் வைத்த துணிச்சுருள் தரையில் கிடந்தது. சுண்டுவிரலுக்கு அடியில் சிவப்பாக ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது.

கூம்புக்குத் திறக்காத கை. நாத்தனாரின் கண்ணீருக்குத் திறக்காத கை. திருடுவதற்குத் திறந்திருக்கிறது, திறந்து, மூடியிருக்கிறது.

நான் அழுதிருந்தால் அவ்வளவுதான், மறுபடியும் நோயாளி ஆகியிருப்பார். மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினேன். "திருட்டுப் பயலே! விடு சீட்டை!"

"என்ன சீட்டு? கை வராதவன்கிட்டப் போய்..."

"விடுங்கறேன்!"

நாலு மாதமாகச் சிகிச்சை செய்யாத ஒன்றை அவர் முகம் செய்தது. மாட்டிக்கொண்டவனின் முழு வெட்கமும் இரண்டு பாதியிலும் வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக, ஊறிப்போன கதவுபோல், திறந்தன. கசங்கிய டைமன் நாலு என் மடியில் விழுந்தது. ஆட்டத்தை ரத்து செய்து அவருடைய தீக்குச்சி முழுவதையும் பறிமுதல் செய்தேன்.

நாத்தனார் ஓடி வந்தாள், "கை திறந்துடுச்சா! எப்படி அண்ணி?" என்று கத்தினாள். "உங்க அண்ணன் திருடினார்" என்றேன். அதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. தன் பணிவிடையில் திறந்தது என்றுதான் துக்க வீட்டிலும் சொன்னாள்.

சிகிச்சையாளரிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் சிரித்தாள். "இதை ரிப்போர்ட்ல எப்படிம்மா எழுதறது?" என்றாள். "இருக்கிறதை எழுதும்மா" என்றேன். "தன் தொழிலுக்குத் திரும்பிட்டார்னு."

நண்பர்களுக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். வருவதானால் ஆட வாருங்கள், நலம் விசாரிக்க வேண்டாம், அதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது என்றேன். திருட்டையும் சொன்னேன். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டறைக்காரர், "அந்தக் கையிலயா?" என்றார், பழைய குரலில். தெருவே திரும்பிப் பார்த்தது.

ஞாயிறு மதியம் வந்தார்கள். என் கணவர் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு முன்னறையில் நின்றிருந்தார். உட்காரப் போனவரை சோடாபுட்டி தடுத்தார்.

"நில்லுடா. ரெண்டு கையையும் தூக்கு. சோதனை போடாம ஆட்டம் கிடையாது."

"அக்கிரமமா இருக்கே! அவர் நோயாளி!" என்றாள் நாத்தனார்.

"அம்மா, நோயாளின்னுதான் போன தடவை ஏமாந்தோம்" என்றார் பட்டறைக்காரர். "தூக்குடா!"

இடது கை உடனே மேலே போனது. வலது கை தோள்வரை வந்து நின்றது.

"அதுக்குமேல போகாது" என்றார்.

"போகாதா, போகவிட மாட்டியா? அக்குள்ள என்ன வச்சிருக்கே?"

"உங்க அப்பன் வீட்டு ஜோக்கரை வச்சிருக்கேன்."

"அப்ப தூக்கிக் காட்டு!"

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தூக்கினார். கை ஒரு அங்குலம் ஏறியது, இன்னும் ஒன்று. தாங்கிப் பிடிக்க நாத்தனார் பாய்ந்து எழுந்தாள். நான் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தேன், அவள் உட்கார்ந்த பிறகும் என் கையை எடுக்கவில்லை.